மாமரமும் ஊடுபயிரும்: பெரனியலிசம் என்ற கல்விக் கொள்கை என்ன சொல்கிறது?

பி.எட். தேர்வுக்கும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் படிக்கிற இளைஞர்கள் தருமபுரியில் கைமாற்றிக்கொள்ளும் குறிப்பு நகல்களில், 'பெரனியலிசம்' என்ற சொல்லுக்கு நேரே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: பழமையைப் போற்றும் கல்விக் கொள்கை, ஆசிரியரை மையமாகக் கொண்டது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த வரியை நம்பி மேலே யோசிக்கத் தொடங்குகிறவர், திண்ணைப் பள்ளிக்கூடம், குருகுலம், பிரம்படி, மனப்பாடம் ஆகிய எல்லாவற்றையும் இந்தப் பெயருக்குள் போட்டு அடைத்துவிடுகிறார். கல்யாண வீட்டில் 'அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம்' என்று சொல்லும் பெரியவரும் இந்தக் கொள்கைக்காரர்தான் என்று படித்த பிள்ளைகளே நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது ஏக்கம். இது வேறு.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து, 2004-இல் அவை பிரிந்த பிறகும், இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவன் நான். கல்வித் தத்துவம் என் பாடம் அல்ல. ஆயினும் என்னிடம் சந்தேகம் கேட்டு வரும் பழைய மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. 'பெரனியலிசம்' என்பதை இக்கட்டுரையில் 'நிலைபேற்றுக் கொள்கை' என்று குறிப்பிடுகிறேன்.

பெயரைப் புரிந்துகொள்ள ஒரு தோப்பு

'பெரனியல்' என்ற சொல்லை நம் விவசாயிகள் ஏற்கெனவே அறிவார்கள். தோட்டக்கலைத் துறை அலுவலர் வந்தால் பயிர்களை ஆண்டுப் பயிர், பல்லாண்டுப் பயிர் என்று பிரித்துத்தான் பேசுவார். கேழ்வரகு ஆண்டுப் பயிர். விதைத்து, கதிர் அறுத்து, தட்டையை மாட்டுக்குப் போட்டுவிட்டால் அதன் கதை முடிந்தது, அடுத்த ஆண்டு மீண்டும் விதையிலிருந்து தொடங்க வேண்டும். மா அப்படியல்ல. காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் தாத்தா நட்ட மரத்தில் பேரன் காய் பறிக்கிறான். மரம் பழையது, ஆனால் அவன் பறிக்கும் பெங்களூராவும் செந்தூராவும் இந்த ஆண்டுக் காய்கள்.

இந்த ஒப்புமையில் ஒரு நுட்பம் உண்டு. பட்டுப்போன மாமரமும் பழையதுதான். அதைப் பல்லாண்டுப் பயிர் என்று யாரும் சொல்வதில்லை, விறகு என்றுதான் சொல்வார்கள். ஆகவே 'பெரனியல்' என்ற சொல் வயதைக் குறிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மறுபடி காய்க்கும் திறனைத்தான் அது குறிக்கிறது. நிலைபேற்றுக் கொள்கையினர் ஒரு நூலையோ கருத்தையோ பள்ளிக்குள் கொண்டுவர விரும்புவதும் இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த நூலிடம் இன்றைய பிள்ளை ஒன்றைக் கேட்டால் இன்றைக்கும் பதில் கிடைக்கிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். கிடைக்காவிட்டால் ஆயிரம் ஆண்டுப் பழமையும் அதைக் காப்பாற்றாது.

தோப்பிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். கன்று நட்ட முதல் சில ஆண்டுகளில், மரங்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தில் கொள்ளோ நிலக்கடலையோ ஊடுபயிராகப் போடுவது வழக்கம். அந்த வருமானம் குடும்பத்துக்குத் தேவை; அதை யாரும் இழிவாகப் பேசுவதில்லை. ஆனால் கடலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மாங்கன்றைப் பிடுங்கிப் போடுகிறவரை ஊர் என்ன சொல்லும்? குறிப்பிட்ட வேலைக்கான பயிற்சி, குறிப்பிட்ட இயந்திரத்தை இயக்கும் திறமை, குறிப்பிட்ட தேர்வுக்கான தயாரிப்பு ஆகியவை நிலைபேற்றுக் கொள்கையினரின் கண்ணில் ஊடுபயிர்கள். பள்ளி என்ற நிலம் முதலில் மரத்துக்கு உரியது என்பது அவர்கள் வாதம்.

சுருக்கமாக: நிலைபேறு என்பது பழமை அன்று, திரும்பத் திரும்பப் பயன் தருவது. அத்தகையதைக் கற்பிப்பதே பள்ளியின் முதல் வேலை, மற்றவை அதற்கு இடையில் வளரட்டும்.

வாதம் எப்படிக் கட்டப்படுகிறது

இதன் அடித்தளம் மனித இயல்பைப் பற்றிய ஒரு நம்பிக்கை. ஆடையும் கருவியும் அரசும் மாறினாலும் மனிதன் அடிப்படையில் மாறுவதில்லை. அவனை மற்ற உயிர்களிடமிருந்து வேறுபடுத்துவது பகுத்தறிவு. இது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் எண்ணம். பகுத்தறிவு எல்லா மனிதருக்கும் பொதுவானது என்றால், அதை வளர்ப்பதுதான் எல்லாருக்குமான கல்வியின் நோக்கமாக இருக்க முடியும். உடம்பை வளர்க்கக் கனமான ஒன்றைத் தூக்க வேண்டியிருப்பதைப் போல, அறிவை வளர்க்கவும் எளிதில் கரைந்துவிடாத கனமான கேள்விகள் தேவை. நீதி என்றால் என்ன, எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம், நல்ல வாழ்க்கை எது, அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பன போன்ற கேள்விகளே அவை. இவற்றோடு மிகக் கடுமையாகப் போராடியவர்கள் எழுதி வைத்த நூல்கள் இருக்கின்றன. எனவே, அந்த நூல்களைச் சுருக்கமாகவோ உரைநூலாகவோ அல்லாமல் மூலத்திலேயே படித்து, கூடி விவாதிக்க வேண்டும் என்று வாதம் முடிகிறது.

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் 1936-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு சங்கிலியாகவே கோத்துக் காட்டினார். கல்வி என்றால் கற்பித்தல். கற்பித்தல் என்றால் அறிவு. அறிவு என்பது உண்மை. உண்மை எங்கும் ஒன்றே. ஆகவே கல்வியும் எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கேட்கும்போது கணக்குப் போட்டதைப் போல இருக்கிறது. இதில் எந்தக் கண்ணி பலமானது, எது பலவீனமானது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பலமான பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேல்ஸ் தேற்றம் வருகிறது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரைந்த கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது அது. ஒருநாள் கணித ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்புக்கு நான் போக நேர்ந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் நிரூபணத்தைக் கரும்பலகையில் மூச்சு விடாமல் எழுதி முடித்தான். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. விளையாட்டாக முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் வேறு எழுத்துகளைப் போட்டு, படத்தையும் தலைகீழாகத் திருப்பி வரைந்து, மறுபடி எழுதச் சொன்னேன். சாக்பீஸ் பலகையில் பட்டபடியே நின்றுவிட்டது. 'ஐயா, புக்ல இப்படி இல்லீங்களே' என்றான். அவனிடம் இருந்தது பழைய தேற்றம். ஆனால் அது அவனிடத்தில் காய்க்கவில்லை. படம் எப்படித் திரும்பினாலும், எழுத்து எதுவானாலும், ஏதென்சிலும் அரூரிலும் அந்த விகிதம் மாறாது என்று அவன் தானாகவே காணும் கணம்தான் நிலைபேற்றுக் கொள்கை 'கல்வி' என்று சொல்வது. யூக்ளிட்டின் நூலைக் கையில் கொடுத்து, மாணவர்களே பலகைக்கு வந்து ஒவ்வொரு தேற்றத்தையும் நிறுவிக் காட்ட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

யார், எப்போது, எதற்கு எதிராக

ஒரு கொள்கையை அதன் எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மாணவர்கள் தாங்கள் விரும்பும் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கியது. மற்ற இடங்களும் அதைப் பின்பற்றின. 1896-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தோட்டம் போட்டார்கள். அந்தச் செயல்களின் வழியாகவே அறிவியலும் வரலாறும் கற்றார்கள். பிள்ளையின் ஆர்வம், அனுபவம், சமூக வாழ்க்கை ஆகியவற்றிலிருந்து பாடம் முளைக்க வேண்டும் என்ற இந்தப் போக்குக்கு முற்போக்குக் கல்வி என்று பெயர்.

1929-இல், தம் 30-ஆவது வயதில், அதே சிகாகோ நகரத்துப் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்ற ஹட்சின்ஸ் இதற்கு நேரெதிராக நின்றார். பல்கலைக்கழகம் தொழிற்பயிற்சிக் கூடமாகவும் பொழுதுபோக்குக் கூடமாகவும் சிதறிப்போய்விட்டது என்பது அவர் குறை. 1939-இல் பல்கலைக்கழகக் கால்பந்து அணியையே அவர் காலத்தில் கலைத்தார்கள் என்றால் அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்று ஊகித்துக்கொள்ளலாம். தொழில்நுணுக்கம் விரைவில் பழசாகிவிடும். அதைத் தொழிலிடத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது என்று அவர் வாதாடினார். ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய், வகுப்பில் பழகிய இயந்திரத்தைத் தொழிற்சாலையில் காணாமல் திகைத்த பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அவருடைய கூட்டாளி மார்ட்டிமர் ஆட்லர். எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம் என்று வாழ்நாள் முழுக்கப் போராடிய இவர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனவர். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உடற்பயிற்சிப் பாடத்தை முடிக்காததால் இளநிலைப் பட்டம் கிடைக்காமலே அங்கேயே முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் சேர்ந்து 1952-இல் மேற்கத்திய உலகின் மாபெரும் நூல்களை 54 தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவற்றில் ஓடும் கருத்துகளை 102 தலைப்புகளாகப் பிரித்து, எந்தக் கருத்தை யார் எங்கே பேசியிருக்கிறார் என்று சொல்லும் பெரிய அட்டவணை மட்டுமே அவற்றுள் இரண்டு தொகுதிகள். அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937-இல் தன் பாடத்திட்டம் முழுவதையும் இந்த வழிக்கு மாற்றியது. நான்கு ஆண்டுகளும் எல்லாருக்கும் ஒரே படிப்பு. பாடநூல்களுக்குப் பதிலாக மூலநூல்கள். அறிவியலுக்கு ஆய்வகமும் உண்டு. அந்தக் கல்லூரி இன்றும் அப்படியே நடக்கிறது.

இவர்கள் மதச் சார்பற்ற பிரிவினர். கத்தோலிக்கத் தத்துவ மரபிலிருந்து வந்த ஜாக் மரித்தேன் போன்றோர் பகுத்தறிவோடு இறைநம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கநிலையில் இரு பிரிவு உண்டு என்று தெரிந்தால் போதும்.

இது எது அல்ல

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்க்க வேண்டும். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945-இல் எழுதிய ஒரு நூலின் தலைப்பிலும் 'பெரனியல்' என்ற சொல் இருக்கிறது. எல்லாச் சமயங்களின் அடியிலும் ஓடும் ஒரே மெய்ஞ்ஞானம் என்பது அதன் பொருள். அது ஆன்மிகத்தைப் பற்றியது. பள்ளிப் பாடத்திட்டத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. இணையத்தில் தேடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய விடைத்தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இன்றியமையாமைக் கொள்கை. பாடநூல்களில் 'எசென்ஷியலிசம்' என்று வரும். 1938-இல் வில்லியம் பேக்லி முன்னின்று பரப்பிய இதுவும் முற்போக்குக் கல்வியை எதிர்த்தது; அதனால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தோன்றும். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. இன்றியமையாமைக் கொள்கை, இந்தச் சமூகத்தில் பிழைக்க ஒருவருக்குத் தேவையான எழுத்து, வாசிப்பு, கணக்கு, அறிவியல், வரலாறு ஆகிய அடிப்படைகளை ஒழுங்காகக் கற்பிக்கச் சொல்கிறது. சமூகம் மாறினால் அந்த அடிப்படைப் பட்டியலும் மாறலாம். நிலைபேற்றுக் கொள்கையோ எந்தச் சமூகத்திலும் மாறாத கேள்விகளைத் தேடுகிறது. கணினி இயக்கம் முன்னதன் பட்டியலில் எளிதாக ஏறிவிடும். பின்னதன் பட்டியலில் ஏறாது.

மூன்றாவது குழப்பம்தான் பெரியது: மனப்பாடம். நம் வினாத்தாளில் 'அடிமாறாமல் எழுதுக' என்று கேட்டுச் செய்யுள் எழுதச் சொல்கிறோமே, அதுதானே இந்தக் கொள்கை என்று பலர் கேட்கிறார்கள். நூல் பழையது என்பதால் வரும் மயக்கம் இது. மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நாற்றுநடவுப் பாட்டு முழுவதும் நெஞ்சில் இருந்தது. நெஞ்சில் ஏறியதைப் பற்றி அதன் பிறகு ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டதா என்பதைத்தான் இக்கொள்கை பார்க்கிறது. நாம் நிலைபேற்றுக் கொள்கையின் நூற்பட்டியலைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முறையை மட்டும் விட்டுவிட்டோம் என்பது என் கணிப்பு. மரத்துக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். காய் பறிக்க யாரையும் உள்ளே விடுவதில்லை.

சுருக்கமாக: இது ஆன்மிக ஒருமைவாதம் அல்ல, அடிப்படைத் திறன்களின் பட்டியல் அல்ல, மனப்பாடமும் அல்ல.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்

ஆட்லர் 1982-இல் பள்ளிகளுக்காக வெளியிட்ட திட்டத்தில் கற்பித்தலை மூன்று வகையாகப் பிரித்தார். முதலாவது, தகவலையும் பாட அறிவையும் ஆசிரியர் எடுத்துச் சொல்வது. இரண்டாவது, எழுதுதல், கணக்கிடுதல், அளத்தல் போன்ற திறன்களை விளையாட்டுப் பயிற்றுநர் போலப் பக்கத்தில் நின்று பழக்குவது. மூன்றாவது, ஒரு நூலையோ ஓவியத்தையோ நடுவில் வைத்து, ஆசிரியர் கேள்வி மட்டும் கேட்க, மாணவர் கூடிப் பேசிக் கருத்தை ஆழமாகப் புரிந்துகொள்வது. இதை உரையாடல் வகுப்பு என்று சொல்லலாம். சாக்ரடீஸ் ஏதென்ஸ் தெருக்களில் செய்தது இதைத்தான். நமக்கும் இது அன்னியம் அல்ல. நன்னூல் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது 'பாடம் போற்றல்' என்பதோடு நிறுத்தாமல், 'கேட்டவை நினைத்தல்', 'வினாதல் வினாயவை விடுத்தல்' என்று தொடர்கிறது. முதலாவதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

நான் ஒருமுறை முயன்று பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பாடம் இல்லாத இரண்டு நாள். புங்கமரத்தடியில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, புறநானூற்றின் 95-ஆம் பாட்டை எல்லார் கையிலும் கொடுத்தேன். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு அது. இங்கேயுள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன; அங்கே எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் பொருள்.

பல ஆண்டுகள் நான் இந்தப் பாட்டைப் 'புகழ்வது போலப் பழித்தல், வஞ்சப்புகழ்ச்சி' என்று சொல்லிக்கொடுத்து, அடிக்கோடு போடச் சொல்லி முடித்தவன். அன்றைக்கு அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஒரே கேள்வி: ஔவை தொண்டைமானிடம் உண்மையில் என்ன சொன்னார்? விதியும் ஒன்றே: எதைச் சொன்னாலும் பாட்டில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று காட்ட வேண்டும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆசிரியருக்கு இந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம். பிறகு, அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் பையன், 'பட்டறைக்கு வந்த வேல் திரும்பப் போவதற்காக வந்தது. நெய் பூசி மாட்டியது எங்கேயும் போகாது' என்றான். அருமையான விளக்கம், என் கோனார் உரையில் அது இல்லை. அதற்கு ஒரு பெண், 'அப்படியானால் தொண்டைமான் யாரையும் குத்தவில்லை என்றுதானே பொருள்? அவர் நல்லவர் இல்லையா?' என்று கேட்டாள். வட்டம் இரண்டாகப் பிரிந்தது. போர் செய்யாதவன் நல்லவனா, செய்யத் தெரியாதவனா என்று கால் மணி நேரம் சண்டை. பின்னால் இருந்த இன்னொருத்தி கடைசி வரிகளில் விரலை வைத்து, 'ஆயுதத்தைப் பற்றிய பாட்டில் சாப்பாடு எதற்கு வருகிறது?' என்றாள். 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்' தலைவன் என்று அதியமானைச் சொல்லும் இடம் அது. இருந்தால் மற்றவர்க்கு உணவு கொடுப்பான். இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து கூடவே உண்பான். இருபது ஆண்டாக அந்த வரிக்குப் பதவுரை சொல்லியிருக்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

அன்று எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு பேர் வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் மரத்திலிருந்து விழுந்த காய்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு வேலை நாளில் அதைத் திரும்பச் செய்ய நேரம் கிடைக்கவில்லை. 'போர்ஷன்' முடிக்க வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் ஒரே கல்வி என்பதன் பொருள்

நிலைபேற்றுக் கொள்கையில் பலரும் கவனிக்காத பக்கம் இதுதான். மாபெரும் நூல்கள் என்றவுடன் மேட்டுக்குடியினருக்கான படிப்பு என்று தோன்றும். ஆனால் ஹட்சின்சின் புகழ்பெற்ற கூற்று, மிகச் சிறந்தவர்களுக்கு எது மிகச் சிறந்த கல்வியோ அதுவே எல்லாருக்கும் மிகச் சிறந்த கல்வி என்பது. ஆட்லர் இன்னும் ஒரு படி மேலே போனார்: பள்ளிக்குள் அறிவாளிப் பிரிவு, தொழிற்பிரிவு என்று தடம் பிரிப்பதே கூடாது, இரண்டாவது மொழியைத் தவிர வேறு எந்தத் தேர்வுரிமையும் வேண்டாம். சமையலும் மரவேலையும்கூட அவர் திட்டத்தில் உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

இதன் கூர்மை நமக்கு இங்கே நன்றாகவே புரியும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராசர் பொறுப்பேற்ற பிறகு கைவிடப்பட்டது. சாக்ரடீசைப் பற்றித் தமிழில் எழுதியவர், மகாபாரதத்தை எளிய நடையில் வீடுதோறும் சேர்த்தவர்; நூல் ரசனையில் அவரை நிலைபேற்றுக் கொள்கையினரின் பக்கத்தில் உட்காரவைக்கத் தோன்றும். ஆனால் பழைய நூல்களை நேசிப்பது வேறு. அவற்றைக் கேழ்வரகு நிலத்துப் பிள்ளைக்கும் முழு நேரமும் திறந்துவிட வேண்டும் என்பது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் ஹட்சின்சின் கணக்கில் தேற முடியாது. பதினொன்றாம் வகுப்பில் 'உனக்கு வொகேஷனல்தான் சரி' என்று பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வழியை முடிவுசெய்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எதிர்ப்பாளர்கள் சொல்வது

டூயி 1936, 1937 ஆண்டுகளில் ஹட்சின்சின் நூலை விமர்சித்து எழுதினார். ஹட்சின்சும் பதில் எழுதினார். டூயியின் அடிப்படைக் கேள்வி எளிமையானது: மாறாத உண்மைகள் இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், அவை இவைதான் என்று முடிவுசெய்பவர் யார்? அதைச் சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் போனால், கல்வி விசாரணையாக இல்லாமல் கட்டளையாகிவிடும். முன்பு பலவீனமான கண்ணி என்று நான் சொன்னது இங்கேதான் இருக்கிறது. முக்கோணத்தின் விகிதம் எங்கும் ஒன்றே என்பதிலிருந்து, எப்படி வாழ வேண்டும் என்பதும் எங்கும் ஒன்றே என்பதற்குத் தாவ முடியாது. புங்கமரத்தடிப் பெண் கேட்ட கேள்விக்குத் தேற்றம் போல நிரூபணம் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு பட்டியலைப் பற்றியது. 1952-இல் வந்த 54 தொகுதிகளிலும் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. 1990-இன் மறுபதிப்பில்தான் நான்கு பெண்கள் இடம்பெற்றார்கள். மேற்குக்கு வெளியே உள்ள உலகமும் அதில் இல்லை. எல்லாருக்கும் பொதுவான மனித இயல்பு என்று தொடங்கி, ஒரு பகுதி மனிதரின் நூல்களோடு முடித்துக்கொண்டார்கள். ஔவையின் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது: வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளையை நேரடியாகப் பிளேட்டோவின் முன் உட்காரவைத்தால் மிரண்டுவிடும். இது உண்மைதான், ஆனால் இது எந்தக் கடினப் பாடத்துக்கும் பொருந்தும் என்பதால் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

நம் ஊரில் இக்கொள்கையை எதிர்ப்பவர்கள் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் அடியைத் துணைக்கு அழைப்பதுண்டு. அது சொற்களைப் பற்றிய இலக்கண விதி. பாடத்திட்டத்துக்கு அதைச் சான்று காட்டுவது முறையன்று.

சுருக்கமாக: மாறாத கேள்விகள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே, மாறாத விடைகளும் மாறாத நூற்பட்டியலும் உண்டு என்பதை மறுக்கலாம். நான் நிற்கும் இடம் அதுதான்.

பட்டியலை இங்கே எழுதினால்

ஒரு நூல் மாபெரும் நூலாக மூன்று தகுதிகள் வேண்டும் என்று ஆட்லர் சொன்னார். இன்றைய சிக்கலோடு அது பேச வேண்டும். எத்தனை முறை படித்தாலும் தீராமல் இருக்க வேண்டும். தலைமுறைகள் கடந்து மனிதர்கள் தங்களுக்குள் நடத்திவரும் உரையாடலில் அது பங்கெடுக்க வேண்டும். பட்டியலை விட இந்த அளவுகோல் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது, ஏனெனில் இதை எடுத்துக்கொண்டு வேறு எதையும் அளக்கலாம்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. கையில் ஆயுதங்களோடு வீரன். பக்கத்தில் சில வரிகள். 'தொறு' என்றால் ஆநிரை, மாட்டு மந்தை. ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு 'தொறு மீட்டுப் பட்டான் கல்'. அதே எழுத்தில், அதே அக்கறையோடு, ஆநிரையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் 'தொறு கொண்டு பட்டான்' என்று கல் நட்டிருக்கிறார்கள். அங்கே ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போனபோது, பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு வகைக் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஐயா, திருடப் போனவருக்கும் கல்லு, திருப்பிக் கொண்டாந்தவருக்கும் கல்லுங்களா?' என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன், 'ரெண்டு பேருமே அவங்கவங்க ஊருக்காகத்தானடா போனாங்க' என்றான். 'அப்ப ஊருக்காகத் திருடினா சரியா?' என்றான் முதல்வன். அதற்குள் பேருந்து ஓட்டுநர் ஆரன் அடித்துவிட்டார். தொப்பூர் தாண்டும் வரை பின் இருக்கையில் அந்தப் பேச்சு ஓயவில்லை.